நடுவில் துளை இல்லாத ஜோடி

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை மறைத்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

முதல் தொடக்கம்: ‘அன்று முத்துக்குளித்துறைக் கடல் அமைதியாக—’ (அடித்துவிட்டேன். நடந்தது மில்லர்புரத்தில், என் வீட்டு முன்னறையில், டியூப்லைட்டுக்குக் கீழே. கடலுக்கு இதில் வேலை இல்லை.)

இரண்டாவது: ‘முப்பத்திரண்டு வருஷமாகத் தபால்தலை சேர்ப்பவனுக்குக் கிடைக்காத துளைப்பிழை, இரண்டே வருஷமாகச் சேர்ப்பவனுக்குக் கிடைத்தது.’ இது இருக்கட்டும். முப்பத்திரண்டு வருஷக்காரன் நான்.

2

மற்றவன் டிக்சன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. அவனைப் பீற்றிக்கொள்பவனாக எழுதினால் எனக்கு வசதி. ‘நெஞ்சை நிமிர்த்தியபடி உள்ளே வந்த டிக்சன்—’ இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மாமியார் வீட்டுச் செபப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வந்தான். பக்க அடையாளத்துக்கு யாரோ செருகிய பழைய ஒரு ரூபாய்த் தபால்தலைகள் இரண்டு, பிரிக்காமல், அதற்குள் இருந்தன. சுற்றிலும் கிழிப்பதற்கான துளைகள். இரண்டுக்கும் நடுவில் மட்டும் துளை வரிசையே இல்லை.

“அண்ணாச்சி, இது அசல் பிழைதானா? நீங்க சொன்னாச் சரி. அடுத்த மாசம் கண்காட்சில வைக்கலாம்னு பாக்கேன்.”

(அந்தக் கண்காட்சியில் முதல் பலகை பதினோரு வருஷமாக என்னுடையது. பிழை அசலா என்று சீட்டு எழுதித் தருபவனும் நானே. என் சீட்டு இல்லாமல் எங்கள் தபால்தலைச் சங்கத்தில் எதுவும் பலகை ஏறாது.)

3

எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். சில நேரம் துளை போடும் இயந்திரத்தின் ஊசி தாளில் அழுந்தும், ஆனால் துளைக்காது. தபால்தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஊசியின் தடம் சின்னக் குழிகளாகத் தெரியும். அதற்குக் குருட்டுத் துளை என்று பேர், பெரிய மதிப்பில்லை. தடமே இல்லையென்றால் ஊசி இறங்கவே இல்லை. அதுதான் அசல் பிழை, சேர்ப்பவர்களுக்கு அபூர்வம்.

லென்ஸை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு குழியாவது தென்படட்டும் என்று குலசாமியைக்கூடக் கூப்பிட்டேன். பின்பக்கப் பசை வழவழவென்று இருந்தது. ஒன்றும் இல்லை.

“ஊசித் தடம் தெரியுதுலே. குருட்டுத் துளை,” என்றேன்.

“அப்படியா. சரி அண்ணாச்சி. கண்ணு நோவ இம்புட்டு நேரம் பாத்தீயளே.” லென்ஸை வாங்கித் தானும் ஒரு தரம் பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் போனதும் என் மனைவி உமாராணி காப்பி டம்ளரை எடுக்க வந்தாள். “அவன் முகம் வாடல. உங்க முகந்தான் கறுத்துக் கெடக்கு,” என்றாள். (இந்த வரியை வெட்டப் பார்த்தேன். சொன்னது சொன்னதுதான்.)

4

முடிவு ஒன்று: மறுநாளே அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு இரண்டு: ‘கொஞ்ச நாள் போகட்டும் என்றிருந்து, அந்த ஜோடியைச் சும்மா கேட்டு வாங்கி, என் ஆல்பத்தில்—’ (இதைத்தான் செய்ய இருந்தேன். அடிக்கக் கை வரவில்லை.)

நடந்தது வேறு. பனிமயமாதா திருவிழாவுக்கு வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் கூப்பிடும் டிக்சன், இந்த வருஷம் கடிதம் போட்டிருந்தான். தலை சேர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஆல்பத்துக்கு ஆகாத பழைய தலையை உறையில் ஒட்டிக் கூட்டாளிக்கு அனுப்புவது. உறையின் மூலையில் அந்த ஜோடி. கட்டணத்துக்குக் குறைந்ததற்குப் பக்கத்தில் புதுத் தலை. துளை விழாத அந்த வெள்ளை இடத்தின் மேலேயே கறுப்பாகத் தபால் முத்திரை. முத்திரை விழாத தலையாக இனி அதை எந்தப் பலகையிலும் வைக்க முடியாது.

உள்ளே எழுதியிருந்தான்: “அண்ணாச்சி, குருட்டுத் துளைன்னு நீங்க சொன்னதால ஒட்டிட்டேன். ஒருவேளை அசலா இருந்தாலும் உங்க கைக்குத்தான வந்திருக்கு. கொடியேத்தத்தன்னைக்கு மதினியோட சாப்பிட வாங்க.”

5

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை.

எழுத்தாளன் என்று பேர் எனக்கு. ‘உங்க கைக்குத்தான வந்திருக்கு’ என்ற அந்த வரி அவனுக்கு வந்திருக்கிறது. இந்தப் பொறாமை முந்தையதைவிட மோசமாக இருக்கிறது.

என் கதைகளை அச்சுக்குப் போகுமுன் வாசிப்பவன் டிக்சன்தான். இதையும் அவனுக்கு அனுப்பவேண்டும். முகவரி எழுதிய உறை மேசையில் இருக்கிறது. தபால்தலை இன்னும் ஒட்டவில்லை. ஒட்டவா, வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள்.