சீனி போடாத பணிஸ்

மாடசாமிக்கு இரண்டு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. அவன் பொரிக்கிற பன்றி இறைச்சிக்கு ஈடாக லுணுகலையிலிருந்து பதுளை வரைக்கும் ஒருத்தனும் பொரிக்க முடியாது என்பது ஒன்று. கல்யாணம் என்று கட்டினால் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தம்பையா கங்காணியின் மகள் மாரியாயியைத்தான் கட்டுவது என்பது இன்னொன்று. முதலாவதைத் தோட்டமே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இரண்டாவதைக் கங்காணி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்பன் இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்து வைத்துவிட்டுச் செத்த புண்ணியத்தில் பாஸ்போட் கிடைத்து, கப்பல் அடுப்படியில் பல வருஷம் வெந்தவன் மாடசாமி. பஞ்சத்தில் பாண் ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசை நின்ற காலமெல்லாம் முடிந்த பிறகு ஊர் திரும்பினான். லுணுகலையில் சாப்பாட்டுக் கடை போடுவதாகத் திட்டம். கடைக்கு இடம் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைதான் சந்தையில் மாரியாயியைப் பார்த்தான். வெலிமடைக் காய்கறி லொறிக்காரன் ஒருவனிடம் அவள் லீக்ஸ் கட்டை அவிழ்த்துக் காட்டி, "அழுகலை உள்ள வச்சுக் கட்ட நான்தான் அகப்பட்டேனா?" என்று பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். தானும் ஒரு கட்டு வாங்கிக் கையில் வைத்திருந்த இவன் சிரித்தான். அவள் திரும்பினாள்.

"என்ன சிரிப்பு? உங்க கையில இருக்கிறதும் அழுகல்தான்."

பிரித்துப் பார்த்தான். அழுகல்தான். "ஆமாங்க, ஏமாந்துட்டேன்" என்றான். ஊர் ஊராகக் கறிகாய் பொறுக்கின சமையல்காரன், ஒரு கொழுந்தெடுக்கிற பெண்ணிடம் தோற்றுப் போனான். தோற்றதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது. அன்றைக்கே அக்கா இராக்கம்மாவிடம் சொல்லி ஆள் அனுப்பினான்.

கங்காணியின் பதில் இப்படி வந்தது: "சமைக்கிறது குத்தமில்ல. ஆனா கப்பல்ல போனவன் கண்ட கரையில கண்டதைத் தின்னு, நம்ம முறையெல்லாம் மறந்திருப்பான். அதான் ரோசனை. சரி, வார ஞாயித்துக்கிழமை வந்து வீட்டைப் பாக்குறோம்."

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண் வீட்டார் சீனி போட்ட தேத்தண்ணி குடிப்பார்கள், வாழைப்பழம் தின்பார்கள். உப்புச் சேர்ந்த எதையும் தொடமாட்டார்கள். தொட்டால் அந்த வீட்டு உப்பைத் தின்றாகிவிட்டது, பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். தின்றுவிட்டு மாட்டேன் என்றால் மானம் கப்பலேறிவிடும், எட்டுத் தோட்டத்திலும் அடுத்த சம்பந்தம் அமையாது. சம்மதம் என்றால் அன்றைக்கே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டுப் போவார்கள். அதனால் வேண்டுமோ வேண்டாமோ, மாப்பிள்ளை வீட்டில் சோற்றுப் பானை தயாராக இருக்கவேண்டும்.

சனிக்கிழமை மேல் லயத்து வரிசை வீடுகளில் பன்றி அடித்துக் கூறு போட்டார்கள். இராக்கம்மா இரண்டு கூறு சொல்லி வைத்திருந்தாள். ஒன்று கறிக்கு. இன்னொன்றைத் தம்பி பிடுங்கிக்கொண்டான். அக்காவும் தம்பியும் இருந்த காம்பரா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒழுகின தகரத்தை மாற்றிக் கொடுத்த லயத்துச் சனத்துக்கெல்லாம், "கப்பல்ல செஞ்ச சாமானை உங்களுக்குச் செஞ்சு காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

வாக்கைக் காப்பாற்ற முதலில் பணிஸ் வேண்டும், தேத்தண்ணிக் கடையில் விற்கிற அந்தக் குட்டி இனிப்பு ரொட்டி. லுணுகலை மொஹிதீன் நானாவின் பேக்கரிக்குப் போனான்.

"நானா, பணிஸ் வேணும். சீனி போடக்கூடாது. உள்ளங்கை அகலத்துக்கு, மேல பால் தடவி."

"சீனி போடாத பணிஸா? தம்பி, அதுக்குப் பேரு பாண்!" நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "உள்ளுக்கு என்னத்தை வைக்கப் போறீங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்க நானா."

"விளங்கிட்டு, விளங்கிட்டு. அப்ப பணிஸை முன்னுக்கே எடுத்திட்டுப் போயிருங்க. மத்தத வாங்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க."

அப்படியே செய்தான். பணிஸைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டுத்தான் மேல் லயத்துக்கு இறைச்சி வாங்கப் போனான்.

தொடை இறைச்சியை நாருக்குக் குறுக்கே, விரல் தடிப்பில் அரிந்தான். அம்மிக் குழவியால் தட்டித் தட்டி அகலமாக்கினான். பிறகு எருமைத் தயிரைக் கடைந்து உப்புப் போட்டு, அதற்குள் இறைச்சியை அமுக்கினான். இராக்கம்மா தலையில் கை வைத்தாள்.

"பன்னிக் கறியில தயிரா? யாராச்சும் கேட்டாச் சிரிப்பாங்கடா."

"தின்னுட்டுச் சிரிக்கட்டும்க்கா. அமெரிக்காவுல நியூ ஒர்லியன்ஸ்னு ஒரு துறைமுகம். அங்க சதுப்புக் காட்டு ஓரத்துல கேஜன்னு ஒரு சனம். நம்ம ஆளுங்க மாதிரிதான், காரம் இல்லேன்னா சோறு எறங்காது. அவங்க கைப்பக்குவம் இது. தயிர்ல ஒரு ராத்திரி கிடந்தா இறைச்சி பஞ்சாப் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மசாலைக்கு உட்கார்ந்தான். வறுத்த செத்தல் மிளகாய், மிளகு, கொஞ்சம் கடுகு, அடுப்புக்கு மேலே தட்டில் காயவைத்த உள்ளிப் பூண்டும் வெங்காயமும். அந்த ஊர்க்காரர்கள் போடுகிற இலை இங்கே ஏது? அதற்குப் பதிலாகக் காய்ந்த கற்பூரவள்ளியை நொறுக்கினான். மணம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. எல்லாவற்றையும் இடித்துச் சலித்துக் கோதுமை மாவில் கலந்தான். கோவா என்கிற முட்டைக்கோசை நூல் நூலாக அரிந்து வினாகிரியில் போட்டான். முட்டை மஞ்சட்கருவை எடுத்து, துளித் துளியாக எண்ணெய் விட்டு, கை ஓயாமல் அடித்து, தேசிக்காய்ப் புளியும் மிளகாய்த் தூளும் சேர்த்து வெண்ணெய் மாதிரி ஒரு கூட்டு எடுத்தான். அக்கா ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை, இன்னொரு விரல்தான் தொட்டாள்.

பன்றிக் கொழுப்பை உருக்கித் தாச்சியில் ஊற்றி, ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பார்த்தான். சடசடவென்று பொரிந்து மேலே வந்தது. தயிரில் கிடந்த துண்டை மாவில் புரட்டி, மறுபடி தயிரில் தோய்த்து, மறுபடி மாவில் புரட்டித் தாச்சிக்குள் விட்டான். அந்த வாசம் கூரைத் தகரத்துக்கு அடியால் நழுவி லயம் முழுக்கப் போனது. இஸ்தோப்புத் திண்ணையில் சனம் கூடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பையா கங்காணியும் அவர் பெண்சாதி செல்லாயியும் படியேறி வந்தார்கள். பின்னேரம் வருகிற பஸ்ஸை நம்பாமல், மலைக் குறுக்குப் பாதையில் நடந்து வந்துவிட்டார்கள். கங்காணியின் கோட்டு முதுகு நனைந்திருந்தது. காலையில் குடித்த தேத்தண்ணி எப்போதோ கரைந்து போயிருக்கும்.

இரவல் நாற்காலிகளில் அவர்களை உட்காரவைத்தார்கள். தேத்தண்ணி வந்தது, வாழைப்பழம் வந்தது. கங்காணி தோட்டத்து மழையைப் பற்றிப் பேசினார், துரை மாறியதைப் பற்றிப் பேசினார். பேச்சு வாயில் இருந்ததே தவிர, மூக்கு அடுப்படியில் இருந்தது.

"என்ன தம்பி, உள்ளுக்கு ஏதோ..."

"நம்ம சனத்துக்குக் கொஞ்சம் பணிஸ் செஞ்சேன் மாமா."

எட்டிப் பார்த்தார். பிளந்த பணிஸ் கொழுப்பில் சிவக்க வாட்டியிருந்தது. அதற்குள் கூட்டு, கோவா, பணிஸை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மொறுமொறு இறைச்சி.

"பணிஸ்தானே," என்றார் கங்காணி, தனக்குத்தானே தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி. "பணிஸ்னா தேத்தண்ணிக்குத் தொட்டுக்கிறது. ஒண்ணு குடுங்க, என்னதான்னு பாப்போம்."

செல்லாயி இருமினாள். முழங்கையால் ஒரு இடி இடித்தாள். பசி காதை அடைத்தவருக்கு இடுப்பில் விழுந்த இடி எங்கே உறைக்கப் போகிறது?

மாடசாமிக்கு உறைத்தது. அதற்குள் இருந்த உப்பு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாதா? ஆனால் தன் கைச் சமையலை ஒருவர் கேட்டுவிட்டால் சமையல்காரனுக்குக் கண் மறைந்துவிடும். நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

முதல் கடியில் கங்காணியின் கண் மூடியது. இரண்டாவது கடியில் நெற்றி வேர்த்தது. "அடி ஆத்தா, என்ன உறைப்பு!" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. ஒன்றை முடித்து விரலை நக்கிவிட்டு, கேட்காமலே இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அது பாதி போயிருக்கும்போது இராக்கம்மா கதவுக்கு வெளியே போய், லயம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"கங்காணி மாமா நம்ம வீட்டு உப்பைத் தின்னுட்டாரு! பொண்ணைக் குடுத்தாச்சு!"

இஸ்தோப்பில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். கங்காணியின் வாய் அசைவு நின்றது. உறைப்பினால் வந்த வேர்வை போக, முகத்தில் வேறு வேர்வையும் வந்தது. பத்துப் பேர் பார்க்கத் தின்றாகிவிட்டது. இனி என்ன சொன்னாலும் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை.

மாடசாமி பேசாமல் நின்றாலே போதும், மாரியாயி அவனுக்கு. அவனுக்கும் அது தெரிந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஆனால் அந்தப் பாதிப் பணிஸைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. இந்தச் சம்பந்தத்தைக் கட்டி மாரியாயி கையில் கொடுத்தால், அவள் அவிழ்த்துப் பார்க்காமல் விடுவாளா? உள்ளே இருக்கிற அழுகலை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். ஆயுசுக்கும் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"குலவையை நிறுத்துங்க!" என்றான்.

நின்றது.

"மாமா, அது பேருக்குத்தான் பணிஸ். சீனி இல்ல, உள்ள முழுக்க உப்பு. நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். என் சமையலை ஒருத்தர் ஆசப்பட்டுக் கேக்குறாரேங்கிற மப்புல குடுத்துட்டேன். தப்பு என்னுது. இது கணக்குல சேராது. வீட்டுக்குப் போங்க, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லி அனுப்புங்க. முடியாதுன்னு சொன்னாலும் இந்த லயத்துல ஒரு வாய் அசையாது, நான் பொறுப்பு." பிறகு அவனுக்கே உரிய திமிரோடு ஒன்று சேர்த்துக்கொண்டான்: "ஆனா முடியாதுன்னு சொல்ல மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்."

"கைக்கு எட்டினதைத் தட்டி விடுறியேடா பாவி!" என்று இராக்கம்மா கொதித்தாள். அவன் திரும்பியே பார்க்கவில்லை.

கங்காணி கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். தாச்சியில் மறந்துபோன கடைசித் துண்டு கருகிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் தேத்தண்ணிக் கோப்பையைத் தவிர எதையும் தொடாத செல்லாயிதான் வாயைத் திறந்தாள்.

"கப்பல்ல போனவன் முறையை மறந்திருப்பான்னு சொன்னீங்களே. இப்ப மறந்தது யாரு?"

கங்காணிக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு அந்த மீசைக்குக் கீழே சிரிப்பு வந்தது. வெட்கமும் கலந்த சிரிப்புத்தான், ஆனாலும் மனசாரச் சிரித்தார்.

"வரும்போது புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டேன் தம்பி. நீ சந்தையில பாத்தவனாமே, ஆளு எப்படின்னு. 'அழுகல் வாங்கினவருதான்பா, ஆனா சொன்ன ஒடனே ஒத்துக்கிட்டாரு'ன்னுச்சு. இதுல என்ன பெருமைன்னு எனக்கு அப்ப விளங்கல."

எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே இராக்கம்மாவிடம் கேட்டார்.

"சோறு ஆக்கியிருக்கியாம்மா?"

இராக்கம்மா வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"அப்ப எலையைப் போடு. அந்த மிச்சப் பணிஸையும் எலையிலேயே வையி." கங்காணி வாசலுக்கு வந்து, கோயிலில் தீர்த்தத்துக்கு நீட்டுகிற மாதிரி வலது கையை மாடசாமி முன்னால் நீட்டினார்.

"கை கழுவத் தண்ணி எங்க, மாப்ள?"