மூடியில் கீறிய சிலுவை

சமணப் பெண்ணுக்கு விலங்கியல் எதற்கு என்று பிராமியைக் கேலி செய்யாத ஆள் காலேஜில் கிடையாது. காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. சேரப் போனபோது கணக்கில் இடம் தீர்ந்துவிட்டது, கிடைத்ததை எடுத்துக்கொண்டாள். தென்னேரியில் அவள் வீட்டில் எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார்கள். காலேஜில் தவளையைக் கொன்று தட்டில் வைப்பது அட்டெண்டர் வேலை. பாவம் அவரோடு போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டிவிட்டாள். வசதியான தேற்றல்தான்!

கல்விச் சுற்றுலாவாகப் போன தீவில் அட்டெண்டர் இல்லை. மண்டபம் கடற்கரையிலிருந்து மோட்டார் படகில் வந்து இறங்கியதுமே சம்பூர்ணம் மிஸ் சொல்லிவிட்டார். "ஆளுக்கு ஒரு உயிர். நீங்களே பிடிக்கணும், திரும்பும்போது நீங்களே ஃபார்மலின் ஊத்திக் கொல்லணும். மார்க்கு இருக்குது. மூணு மணிக்குப் படகு கிளம்பிடும்."

தீவு என்றால் தென்னந்தோப்பு என்று நினைத்து வந்தவர்களுக்குக் கால் வைக்கவே இடமில்லை. எங்கு பார்த்தாலும் கூரான பவழப்பாறை. பிராமியின் காலடியிலேயே ஒரு சின்ன நட்சத்திர மீன் ஒதுங்கியிருந்தது. கடல்தண்ணீர் ரொப்பிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதைப் போட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள், மூடினாள். போய்ப் பாட்டிலைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் போனாள். அது ஒவ்வொரு கையாக நீட்டிக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது.

அவள் சிநேகிதி மேரிக்கு எதுவும் அத்தனை சுலபமாகக் கிடைக்கவில்லை. ஐயம்பேட்டையில் கூலி வேலை செய்யும் செல்லியம்மாளின் மகள். அவர்கள் தெருவிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள். மார்க்கு குறைந்தால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் தேடி, பாறை கிழித்த காலோடு அவளும் ஒரு நட்சத்திர மீனைக் கொண்டுவந்தாள். அதுவும் ஹார்லிக்ஸ் பாட்டில்தான். மற்றவற்றோடு நிழலில் வைத்துவிட்டுக் காலைக் கழுவப் போனாள்.

படகுக்காரர் ஹாரன் அடித்தார். பிராமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மார்க்கு போனால் போகட்டும், கடலிலேயே விட்டுவிடலாம் என்று பாட்டிலிடம் ஓடினாள். ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் எல்லாம் ஈரத்தில் கழன்றிருந்தன. ஓரத்தில் இருப்பதுதான் தன்னுடையது என்று எடுத்துப்போய், பாறை முனையில் நின்று ஆழத்தில் கவிழ்த்தாள். அப்பாடா என்றிருந்தது. மூடியைத் திருகும்போது கட்டைவிரலில் ஏதோ உரசியது. மூடியில் ஆணியால் கீறிய சிலுவை. தன் குடை, டிபன் டப்பா எல்லாவற்றிலும் மேரி கீறிவைக்கும் அதே சிலுவை.

பின்னாலேயே மேரி நொண்டிக்கொண்டு வந்தாள். "இன்னாமா பண்ணிக்கினு இருக்கிற? அது என்னுதுமா!"

"தெரியாம ஊத்திட்டேன் மேரி. என்னுதுன்னு நெனச்சிக்கினு..."

"உனுக்கு மார்க்கு போனா கல்யாணம் பண்ணி வெச்சிருவாங்க. எனுக்கு?" மேரி அழவில்லை. அவள் அழுதிருந்தால் பிராமிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுபடி ஹாரன். இனித் தேட நேரமில்லை. பிராமி தன் பாட்டிலை எடுத்துவந்து மேரியின் கையில் திணித்தாள். படகு கிளம்பியது.

பாதிக் கடலில் ஃபார்மலின் டப்பா கைமாறி வந்தது. மேரி அவள் காதருகே சொன்னாள். "நீ அந்தாண்ட திரும்பிக்கோ. நானே ஊத்திக்கிறேன்."

பிராமிக்கு அட்டெண்டரின் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டியது போதும் என்று தோன்றியது.

"வாணாம்மா. எங்கிட்ட குடு."

ஊற்றினாள். கண்ணை மூடவில்லை. ஐந்து கைகளும் ஒருமுறை சுருண்டன, பிறகு மெல்ல விறைத்தன. மூடியைத் திருகி மேரியிடம் கொடுத்தாள். மேரி பாட்டிலோடு அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ் ஒவ்வொருவர் பாட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "உன்னுது எங்க பிராமி?"

"கடல்ல இருக்குது மிஸ்."