இசக்கிச்செல்வி கொட்டாத ‘ம்’

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. “ஜப்பான் அரண்மனைக் கதைகள் சொல்லும் எந்திரத்தைப் பற்றி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்” என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் அளந்துவிட்டேன். கையில் ஒரு வரிகூட இல்லை. இப்படி ஆரம்பித்துப் பார்த்தேன்:

‘கியோட்டோ நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு—’

வேண்டாம். பனியை நான் ஃபிரிட்ஜில்தான் பார்த்திருக்கிறேன். கோவில்பட்டிக்கே வந்துவிடுவோம்.

2

விஜயராஜ் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டும் கூடம். (முதல் வரைவில் எந்திரத்தைத் தீக்குச்சிக்கு மருந்து முக்கும் கூடத்தில் வைத்தேன். மூன்றாம் பத்தியிலேயே எல்லாம் வெடித்துவிட்டது. முடிவு சுலபமாகக் கிடைத்தும் மனசு ஒப்பவில்லை.) அங்கே செல்போனுக்குத் தடை. ரேடியோ பழுதானதும், பெண்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க அண்ணாச்சி இந்த எந்திரத்தை வாங்கிப்போட்டார். செய்தவர் ஷாஹினா என்ற கல்லூரி ஆசிரியை. பழைய ஜப்பான் இலக்கியம் என்றால் அவருக்கு உயிர். அதனால் எந்திரம் சொல்வதெல்லாம் அரண்மனைப் பெண்கள், பூங்கிளையில் கட்டி அனுப்பிய பாதிக் கவிதை, மீதிப் பாதிக்குக் காத்திருந்து கண்ணீரில் நனைந்த சட்டைக் கை.

“முந்தானையே இல்லாத ஊரு போல” என்றாள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த வள்ளிமயில்.

ஒரு ஏற்பாடு. நம் ஊர் வழக்கப்படி யாராவது ‘ம்’ கொட்டினால்தான் எந்திரம் மேலே சொல்லும். தினம் ஒருத்தி முறை.

3

வள்ளிமயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவள் அவள் தங்கை இசக்கிச்செல்வி. மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. வள்ளிமயில் மகளின் சடங்குப் பத்திரிகையில் செல்வியின் புருஷன் குருசாமி பெயர் இல்லை.

(அச்சகத்துத் தவறு என்று எழுதி, அடித்துவிட்டேன். வள்ளிமயில் எழுதிக் கொடுத்த தாளிலேயே அந்தப் பெயர் இல்லை. மறந்துவிட்டாள். சொன்னால் யார் நம்புவார்கள் என்று சொல்லாமலே இருந்துவிட்டாள். இந்த இடத்தில் அவள்மேல் எனக்குக் கோபம்தான்.)

திங்கட்கிழமை செல்வி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போகிறாள். இன்று சனி, அவளுக்கு வேலையில் கடைசி நாள். ‘ம்’ முறையும் அவளுடையதுதான்.

4

எந்திரம் சொன்னது: “தோழியின் மாட்டுவண்டி வாசலில் நிற்கிறது. விடிந்தால் தூர தேசம். அவள் அனுப்பிய பாதிக் கவிதைக்கு இவள் இன்னும் பதில் எழுதவில்லை. இப்போது தூரிகையை எடுக்கிறாள்.”

நின்றது. செல்வி ‘ம்’ கொட்டவில்லை. பசை காய ஆரம்பித்தது.

“ஏட்டி, அந்தப் புள்ள எழுதுனாளா இல்லையா?” பக்கத்தில் லேபிள் ஒட்டும் பத்திரகாளிக்குப் பொறுக்கவில்லை. (அவளே கொட்டலாமே என்பீர்கள். அடுத்தவள் முறையில் வாய் வைப்பது அந்தக் கூடத்தில் பெரிய குற்றம்.)

வள்ளிமயிலுக்குக் கை ஓடவில்லை. திங்கட்கிழமை முதல் அந்த முதுகுகூட இருக்காது. அதைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஏட்டி செல்வி... ம் கொட்டுட்டி. ஒம் புருசன் பேர நாந்தான் மறந்துட்டேன். வேணும்னு செய்யலட்டி.”

5

இனி முடிவு.

(அ) செல்வி ‘ம்’ என்கிறாள். எந்திரம் கதையைத் தொடர்கிறது.

(ஆ) “இத மூணு வருசம் கழிச்சா சொல்லுத?” என்று திரும்பிச் சண்டைக்கு வருகிறாள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. சண்டை போடவாவது முகத்தைப் பார்க்க வேண்டுமே.

(இ) வேலை முடியும் ஐந்தரைச் சங்கு ஊதுகிறது. செல்வி டிபன் பையை எடுத்துக்கொண்டு—

இல்லை, இதை என்னால் எழுத முடியாது.

எந்திரம் காத்திருக்கிறது. வள்ளிமயில் ஒட்டி முடித்த லேபிளையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு நேரம் நான் சொன்னதற்கு நீங்களும் ஒரு ‘ம்’ கொட்டவில்லை. அடுத்தவள் முறையில் வாய் வைக்கக் கூடாதுதான். ஆனால் சங்கு ஊத இன்னும் இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. நீங்களாவது கொட்டிவிடுங்கள்.