திரைக்குப் பின்னால் டொக்டர்

குச்சவெளிக்கு அப்பால் இருந்த அந்தச் சின்ன டிஸ்பென்சரிக்கு டொக்டர் புதன்கிழமை மட்டுந்தான் வருவார். மற்ற நாட்களில் தாதி பத்மாசனி நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போவாள். டொக்டர் உட்காரும் வெறுங்கதிரையின் முன் சற்று நின்றுவிட்டு வந்து, "டொக்டர் இதைக் குடிக்கச் சொன்னவர்" என்று மருந்தைக் கொடுப்பாள். உள்ளே ஆளில்லை என்பது ஊருக்கே தெரியும்.

சாதாரண நோய்களுக்குத் தாதியே மருந்து எழுதலாம் என்று ஒருநாள் மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையோடு முதலில் வந்தவள் ஸுல்பிகா. பத்மாசனி நிமிர்ந்து உட்கார்ந்து, தானே எழுதி, தானே மருந்தை நீட்டினாள். ஸுல்பிகா வாங்கவில்லை.

"உள்ளுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க, மிஸ்ஸி."

"டொக்டர் இல்லையே, புள்ள. இனி நானே குடுக்கலாம்."

"அவர் இல்லையெண்டு எனக்கும் தெரியும். எண்டாலும் கேக்காமத் தாற மருந்தை எப்பிடிப் புள்ளைக்குக் குடுக்கிற?"

பிள்ளை முனகியது. ஸுல்பிகா அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பத்மாசனி தன் புது அதிகாரத்தை விழுங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். கோபத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே நின்றாள்.

வெளியே வந்து, "குடுக்கட்டாம்" என்றாள்.

ஸுல்பிகா அங்கேயே பிள்ளையின் வாயில் மருந்தை ஊற்றினாள்.

"டொக்டர் இண்டைக்கு நல்லா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கார், மிஸ்ஸி."