அரை பாட்டில்

ஆபரேஷன் தியேட்டரில் என் பட்டப்பெயர் 'அரை பாட்டில்'. புண் கழுவுகிற சலைன் மிச்சமானால் மூடி போட்டு அலமாரியில் எடுத்து வைப்பேன். ஒரு தடவை திறந்ததைத் திரும்ப மூடக் கூடாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரியாதா என்ன? நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனசு வராது, அவ்வளவுதான். கொட்டுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறேன்.

அன்று மேசையில் ஒரு தையல்காரர். உடைந்த கண்ணாடி வலது உள்ளங்கையைக் கிழித்து நரம்பு அறுந்திருந்தது. கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால், கையை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் விழித்தபடி பேசிக்கொண்டே இருந்தார்.

"மறுபடி ஊசி பிடிக்க முடியுமா சிஸ்டர்? எனக்கு வேற தொழில் தெரியாது."

"பிடிக்கலாம்ணே. பேசாம படுங்க."

டாக்டரம்மா நரம்பைத் தைத்து முடித்ததும் கழுவத் தண்ணீர் கேட்டார். அலமாரியிலிருந்து அரை பாட்டில் ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினேன். அவர் அதைச் சிரிஞ்சில் உறிஞ்சிக் காயத்துக்குள் பீய்ச்சினார். சிவந்திருந்த சதை வெளுத்தது. மறுபடி பீய்ச்சப் போன அவர் கை அப்படியே நின்றது.

"என்ன ஊத்தினீங்க?"

மாஸ்க்கை இறக்கி பாட்டில் வாயை முகர்ந்தேன். குப்பென்று ஸ்பிரிட்.

கதவருகே நின்ற ஆயாம்மா மெதுவாகச் சொன்னாள். "ஸ்பிரிட் கேன் ஒழுகுச்சு சிஸ்டர். வீணாப் போனா நீங்க திட்டுவீங்களேன்னு காலி சலைன் பாட்டில்ல பிடிச்சு அலமாரியில வெச்சேன்."

அவளை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் ஏது? புது பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினேன். டாக்டரம்மா கழுவிக்கொண்டே இருந்தார். வெளுப்பு போகவில்லை.

"நரம்பு பிழைக்குமா டாக்டர்?" குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"தெரியல." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாக் கழுவுங்க," என்றார் தையல்காரர் திரைக்கு அப்பாலிருந்து. "எனக்கு ஒண்ணுமே தெரியல. சுகமா இருக்கு."

திரையைச் சுற்றி அவர் தலைமாட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, உங்க காயத்துல சலைனுக்குப் பதிலா ஸ்பிரிட்டை ஊத்திட்டோம். டாக்டர் தப்பு இல்ல. பாட்டிலை எடுத்துக் கொடுத்தது நான்."

சிரித்த வாய் மூடாமலே அவர் திரையின் பக்கம் திரும்பினார். வலது தோள் மட்டும் திரும்பத் திரும்ப எக்கியது. திரைக்கு அந்தப் பக்கம் மரத்துக் கிடந்த விரல்களை மடக்கிப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.