பெரிய மச்சான் ஆடியும் விழாத பவளம்

ஊரார் பல்லையெல்லாம் கட்டிக் கொடுக்கிறவள் ஷினார். அவள் வீட்டுக் கடல்மீன் தொட்டியில் ஒட்டி வளர்த்த பவளம் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தால் சொந்தக்காரர்கள் சிரிக்கமாட்டார்களா? போன நௌரிஸ் வசந்தப் பண்டிகையில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

முதலில் சிரித்தவர் அவள் கணவனின் அண்ணன் கால்திபாய். மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டு மூத்தவர்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால், ஷினாருக்கு அவர் 'பெரிய மச்சான்'. தராஸ் நகரத்தில் அவர்களுடைய அப்பன் வீடு வழக்கப்படி கடைசி மகனான அவள் கணவன் எர்கெபுலானுக்கு வந்துவிட்டது. ஆனால் பண்டிகை வந்தால் அத்தனை பேரும் அங்கேதான் கூடுவார்கள். அன்றைக்கு வீட்டின் எஜமான் பெரிய மச்சான்தான்.

அவருக்குத் தொட்டியின் மேல் உள்ள கோபம் நியாயமில்லாததும் இல்லை. கூடத்தில் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரோரம் மூத்தவர் உட்காருகிற இடம். தொட்டியின் பாரத்தைத் தாங்குகிற உத்தரம் ஓடுவதும் பாழாய்ப்போன அந்த இடத்துக்கு அடியில்தான். அதனால் உப்புத் தண்ணீர் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ள, பெரிய மச்சான் பக்கத்துக்கு நகர வேண்டியதாயிற்று. மனிதருக்கு எரியாதா?

போன வருஷம் விருந்து முடிந்ததும் 'கறுப்புக் குதிரை' ஆட்டம் ஆடினார்கள். தோளைக் குலுக்கி, குதிரை மேல் போகிற மாதிரி குதிகாலைத் தரையில் அறைகிற ஆட்டம் அது. பெரிய மச்சானோ ஆள் மலை. பழைய மரத்தரை அதிர்ந்தது, தொட்டி அதிர்ந்தது, ஷினார் பாறையில் ஒட்டி வைத்திருந்த பவளத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று மணலில் குப்புற விழுந்தன. எடுத்து நிமிர்த்தியும் பயனில்லை. சில நாளில் வெளுத்துச் செத்தன. கட்டைவிரல் நகமளவு ஊதாத் துண்டு ஒன்று மட்டும் தப்பியது.

அன்றைக்கே எல்லார் முன்னாலும் பெரிய மச்சான் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, பெரியவங்க உட்கார்ற இடத்துல உப்புத் தண்ணிய உட்கார வச்சிருக்கே. அதுவாவது ஒழுங்கா உட்காருதா? அடுத்த நௌரிஸுக்கும் நான் ஆடுவேன். ஒண்ணு விழுந்தாலும் பெட்டி வெளியே போகணும்."

ஷினார் எர்கெபுலானைப் பார்த்தாள். அண்ணன் முன்னால் அவனுக்கு வாய் ஏது? அவன் தொம்பரா வாத்தியத்தின் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வேலை முடிந்து வந்து அந்த நீல வெளிச்சத்தின் முன் உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சே வரும். அதைத் தூக்கிக் கொடுப்பதாவது? சரி மச்சான், ஆடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

தப்பிய துண்டு வளர்ந்தது. வருஷக் கடைசியில் அதை நறுக்கி ஐந்து துண்டாக்கினாள். பழைய தவறு எங்கே என்பது அவளுக்கு ஒரு நோயாளியின் சொத்தைப் பல்லை அடைக்கும்போது பளிச்சென்று தெரிந்தது. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அழுக்குப் பல்லின் மேல் எந்த மடையனாவது பசையைத் தடவுவானா? பாசி படிந்த பாறையில் அவள் அதைத்தான் செய்திருந்தாள். பசை பாசியைப் பிடித்துக்கொண்டதே தவிர பாறையைப் பிடிக்கவில்லை.

இந்த முறை பாறைகளை வெளியே எடுத்து, உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றி, சமையல் மேசையில் வைத்தாள். துண்டு உட்காரும் இடத்தைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாசியை ஒழித்தாள். தேய்ந்துபோன பழைய துளைப்பானால், வாய் சிறுத்து உள்ளே அகன்ற குழிகள் போட்டாள். பல்லை அடைப்பதற்குப் போடுகிற குழி அப்படித்தான் இருக்கும். உள்ளே இறுகியது வெளியே வராது. பவளத்தின் அடியை ஒற்றித் துடைத்து, கெட்டிப் பசை ஒரு சொட்டு விட்டாள். மீனுக்குக் கெடுதல் செய்யாத இருநிறப் பசைக்களியை நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து குழியில் திணித்தாள். மேலே இன்னொரு சொட்டு. துண்டை வைத்து லேசாகத் திருகி அழுத்தினாள். அவ்வளவுதான், கையை எடுத்துவிட்டாள். ஒட்டிவிட்டதா என்று ஆட்டிப் பார்க்கிற விரலைப் போல எதிரி வேறில்லை. எர்கெபுலான் ஒருமுறை விரலை நீட்டினான். வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நௌரிஸ் வந்தது. கஞ்சியும் குதிரைக் கறியும் ஒருகை பார்த்தபின் பெரிய மச்சான் எழுந்து இடுப்புப் பட்டையை இறுக்கினார். எர்கெபுலான் வாசிக்கத் தொடங்கினான். ஷினார் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மனுஷன் ஆடினார் பாருங்கள். வருஷமெல்லாம் சேர்த்து வைத்த கோபம் முழுக்கக் குதிகாலில் இறங்கியது. தட்டிலிருந்த பணியாரங்கள் உருண்டன, சுவரிலிருந்த மாமனார் படம் சாய்ந்தது, தொட்டித் தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சிந்தியது. திடீரென்று தொட்டிக்குள் ஏதோ மணலில் பொத்தென்று விழுந்தது.

"விழுந்துடுச்சு" என்றார் பெரிய மச்சான், ஆட்டத்தை நிறுத்தி.

ஷினார் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தை பிடி விட்டு மல்லாக்க விழுந்திருந்தது. பாறையில் ஐந்தும் நட்டது நட்டபடி நின்றன, விரல் முனையளவு ஊதாக் கிளைகள்.

"அது நத்தை மச்சான். இன்னும் ஆடறதா இருந்தா ஆடுங்க" என்றாள். கூடமே கைதட்டியது. எர்கெபுலான் அண்ணன் இருப்பதையும் மறந்து, கேட்காமலே இன்னொரு பாட்டை வாசித்தான்.

பெரிய மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. பேச்சை மாற்ற வேண்டுமே, ஒன்றும் நடக்காதவர் போல உட்கார்ந்து, கல்லாகக் காய்ந்த ஒரு தயிருருண்டையை எடுத்து நறுக்கென்று கடித்தார். கடித்தவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கிடையே பளபளவென்று அவருடைய புதுப் பல்லுறை வந்து விழுந்தது. தம்பி பெண்டாட்டி என் வாய்க்குள் கை விடுவதா என்று வீறாப்பாக வேறு ஊரில் போய்ப் போட்டுக்கொண்டு வந்த உறை அது.

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. ஷினாரின் ஓரகத்தி கலம்காஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பவளம் நின்னுடுச்சு. இவரு பல்லுதான் நிக்கல" என்றாள் புருஷனைப் பார்த்து. அதற்குப் பிறகு யார் யாரை அடக்குவது?

மறுநாள் காலை ஷினாரின் பல் மருத்துவமனையில் முதல் ஆளாகப் பெரிய மச்சான் உட்கார்ந்திருந்தார், உறையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு. அவராகவே நாற்காலியில் சாய்ந்தார்.

"அம்மாடி, அந்தப் பவளத்துக்குப் பண்ணின மாதிரியே பண்ணிடு. அடுத்த நௌரிஸுக்கும் நான் ஆடணும்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

"பண்ணிடறேன் மச்சான். அப்புறம் அதை ஆட்டி மட்டும் பார்க்கக் கூடாது" என்றபடி ஷினார் கையுறையை மாட்டிக்கொண்டாள்.