பிளாஸ்க் என் கையில்

சாரங்கா என்னைப் பேய்க்காட்டுகிறாள் என்பது காரில் ஏறும்போதே விளங்கிவிட்டது. நான் எதை உடுத்தாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை, "அந்தப் பழைய ஜக்கெற் வேண்டாம் அம்மா, நீலத்தைப் போடுங்கோ" என்கிறாள். ஸ்காகன் பக்கத்து மணற்பாலையில் நடப்பதற்கு நீலமென்ன, பச்சையென்ன?

போய் இறங்கினால் அங்கே நவரத்தினமும் அவர் மகன் சுஜிந்தனும் நிற்கிறார்கள். இருவரும் நாங்கள் இருக்கிற ஹொல்ஸ்டெப்ரோ ஊர் ஆட்கள்தான்; தாயில்லாத வீடு. தற்செயலாக வந்தார்களாம். யாருக்குக் காதிலே பூச் சுற்றுகிறார்கள்? பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்.

என் மனுசன் நோயில் மோசம்போன பிறகு வீட்டில் நானும் சாரங்காவும்தான். இவளையும் ஒருத்தன் கொண்டுபோனால், வேலை முடிந்து வந்து நான் சுவரோடா கதைக்கிறது? நினைக்கவே பயமாக இருந்தது. ஒன்றை மட்டும் தீர்மானித்தேன். பெண் தன் கையால் தேத்தண்ணி கொடுத்தால்தானே பெண் பார்த்த கணக்கு? கொண்டுவந்த பிளாஸ்கை இவளிடம் கொடுப்பதில்லை.

இரண்டு மணல்மலைகளுக்கு நடுவே ஒடுக்கமான பள்ளம். மேலே காற்று அடித்தது. உள்ளே ஒரு சத்தமில்லை. அங்கேதான் இருந்தோம். நானே ஊற்றி, நானே எல்லோருக்கும் கொடுத்தேன்.

"சீனி அளவாயிருக்கு" என்றார் நவரத்தினம்.

நான் அவரைக் கவனிக்கவில்லை. என் கண் சுஜிந்தனில் இருந்தது.

"தம்பி சாராயம் ஏதும் குடிக்கிறனீரோ?"

"இல்லை அன்ரி."

இவ்வளவு கெதியாகச் சொன்னால் யார் நம்புவது?

எழும்பி நடந்தார்கள். சப்பாத்துக்குள் போன மணலைத் தட்ட நான் பின்தங்கினேன். வளைவுக்கு அப்பால் சாரங்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அங்கிள், நீங்கள் குடிக்கிறனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"அம்மா கெதியிலை கோவிப்பா. பொறுப்பீங்களோ?"

"தேத்தண்ணி தந்த விதத்திலையே தெரிஞ்சுது" என்று சிரித்தார் நவரத்தினம்.

"எனக்குக் கோப்பன்ஹேகனிலை வேலை கிடைச்சிருக்கு. அவவைத் தனிய விட்டிட்டுப் போக மனம் வரேல்லை, அங்கிள்."

ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே நின்றேன். பெண் பார்க்க வந்தது சரி. பெண்தான் நான் நினைத்தவள் இல்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்படியே நொண்டிக்கொண்டு வளைவைத் தாண்டினேன். மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எப்ப போறாய்?"

"ஓகஸ்டிலை, அம்மா." தலை குனிந்திருந்தது.

நவரத்தினத்தின் கையில் வெறுங்கோப்பை இருந்தது. நான் பிளாஸ்கைத் திறந்தேன்.

"நீட்டுங்கோ" என்றேன். "முதல் தந்தது தெரியாமல் தந்தது. அது கணக்கில்லை."